எஸ்பிரெஸோவின் அழுத்தம் எங்கே பிறக்கிறது? புதியவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

பெங்களூரில் வீட்டுக்கு எஸ்பிரெஸோ இயந்திரம் வாங்கக் கடைக்குப் போகிறவரின் காதில் முதலில் விழும் சொல் ‘பார்’, அதாவது அழுத்தத்தை அளக்கும் அலகு. “சார், இது 15 பார், அது 20 பார். 20 பார்னா காபி நல்லா ஸ்ட்ராங்கா இறங்கும்” என்று விற்பனையாளர் சொல்கிறார். பெட்டியின் மேலும் அதே எண் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அல்சூரிலும் ஜெயநகரிலும் தலைமுறை தலைமுறையாகப் பித்தளை ஃபில்டரில் டிகாஷன் இறக்கிவந்த தமிழ்க் குடும்பங்களில் இப்போது சிலர் பச்சைக்கொட்டை வாங்கி வீட்டிலேயே வறுக்கிறார்கள், இயந்திரமும் வாங்குகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்த எண்ணை நம்பித்தான் பணத்தைக் கொடுக்கிறார்கள். பிறகு காபி ஒரு நாள் புளிப்பாகவும் மறுநாள் வாய் வறளும் கசப்பாகவும் வருகிறது. பழி இயந்திரத்தின் மேல் விழுகிறது, சில மாதங்களில் அது பரணுக்குப் போய்விடுகிறது.

பழி விழ வேண்டிய இடம் பெரும்பாலும் வேறு. எஸ்பிரெஸோவில் பம்பு தண்ணீரைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். அந்தத் தள்ளுதல் எவ்வளவு அழுத்தமாக மாறும் என்பதைத் தீர்மானிப்பது அதன் எதிரே உட்கார்ந்திருக்கும் காபித்தூள். தூள் எப்படி அரைக்கப்பட்டது, எந்த அளவு வறுக்கப்பட்டது, வறுத்து எத்தனை நாள் ஆயிற்று என்ற மூன்றும் சேர்ந்தே கோப்பையை நிர்ணயிக்கின்றன. இதை அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஃபில்டரும் இயந்திரமும் செய்வது ஒரே வேலைதான்

வறுத்து அரைத்த காபியின் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு வரைதான் நீரில் கரையக்கூடியது. மீதியெல்லாம் நார்ச்சத்து, அது சக்கையாகத் தங்கிவிடும். கரையக்கூடியதிலும் அனைத்தையும் எடுத்துவிடுவது நல்லதல்ல. சூடான நீர் பட்டவுடன் புளிப்புச் சுவை தரும் அமிலங்கள் விரைந்து கரைகின்றன. இனிப்பையும் நிறைவையும் தரும் பொருள்கள் அவற்றைத் தொடர்ந்து வருகின்றன. கசப்பும் துவர்ப்பும் தருபவை மெதுவாக, கடைசியில் வந்து சேர்கின்றன. இப்படி நீர் தூளிலிருந்து சுவைப்பொருள்களைக் கரைத்து எடுப்பதற்குத்தான் எக்ஸ்ட்ராக்ஷன் என்று பெயர். தூளின் எடையில் 18 முதல் 22 விழுக்காடு வரை கரைந்து இறங்கினால் காபி சமநிலையாக இருக்கும் என்பது நெடுநாள் அனுபவத்தில் நிலைபெற்ற கணக்கு. குறைந்தால் வெறும் புளிப்பு மேலோங்கும், கூடினால் கசப்பு.

பித்தளை ஃபில்டரில் இந்த வேலையை நேரம் செய்கிறது. தூளின் மேல் நிற்கும் சில சென்டிமீட்டர் தண்ணீர் தன் எடையால் தரும் அழுத்தம் மிகச் சொற்பம். கடல் மட்டத்தில் காற்று நம்மேல் செலுத்தும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார் என்று கொண்டால், ஃபில்டருக்குள் இருப்பது அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதனால்தான் டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

எஸ்பிரெஸோ அதே வேலையை அரை நிமிடத்துக்குள் முடிக்க முயல்கிறது. நேரம் இவ்வளவு குறைந்தால், நீர் தொடும் பரப்பு அதற்கேற்பக் கூட வேண்டும். அதற்குத் தூளை மிக நைசாக அரைக்க வேண்டும். ஆனால் நைசான தூளைக் கெட்டியாக அமுக்கி வைத்தால் தண்ணீர் தன் எடையால் மட்டும் அதற்குள் புகுந்து வெளியே வராது. ஆகவே தள்ளுவதற்கு ஒரு விசை தேவைப்படுகிறது. அழுத்தம் என்ற பேச்சு எஸ்பிரெஸோவுக்குள் நுழைவது இந்த இடத்தில்தான். அரைப்பு நைசாக இருப்பதால் அழுத்தம் வேண்டியிருக்கிறது. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வருவன எல்லாம் எளிதாக விளங்கும்.

இன்று பொதுவாகக் கொள்ளப்படும் அளவு இது: 18 கிராம் தூள், 93 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் நீர், 9 பார் அழுத்தம், 25 முதல் 30 விநாடி, கோப்பையில் 36 கிராம் காபி. எஸ்பிரெஸோ என்பது இந்த முறையின் பெயர். அதற்கெனத் தனிக் கொட்டை கிடையாது, தனி வறுவலும் கிடையாது. கடையில் அந்தப் பெயர் ஒட்டிய பாக்கெட், வறுத்தவர் அந்த முறைக்குப் பொருந்தும் என்று கருதிய ஒரு கலவை மட்டுமே.

முறுக்கு நாழி சொல்லும் பாடம்

தீபாவளிக்கு முறுக்கு பிழிந்தவர்களுக்கு அழுத்தம் என்றால் என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மாவு தளர்ந்துவிட்டால் நாழியை லேசாகத் தொட்டாலே ஒழுகிவிடும். எவ்வளவு பலசாலி பிழிந்தாலும் அவர் கைக்கு ஒரு வேலையும் இருக்காது. மாவு கெட்டியாக இருந்தால் அதே நாழி, அதே அச்சு, அதே கை, ஆனால் மணிக்கட்டு வலிக்கும். கையில் உணரும் அழுத்தம் மாவு கொடுக்கும் எதிர்ப்பிலிருந்து வருகிறது. கையின் பலம் அந்த அழுத்தத்துக்கு ஓர் உச்ச வரம்பு மட்டுமே.

எஸ்பிரெஸோ இயந்திரத்திலும் இதே விதிதான். வீட்டு இயந்திரங்களில் இருப்பது பெரும்பாலும் அதிர்வுப் பம்பு, அதாவது மின்காந்தத்தால் ஒரு சிறு தண்டு வேகமாக முன்னும் பின்னும் அசைந்து தண்ணீரைத் தள்ளும் அமைப்பு. பெட்டியில் அச்சிட்ட 15 பார் என்பது, வெளியேறும் வழியை முழுதும் அடைத்துவிட்டால் அந்தப் பம்பு எட்டக்கூடிய உச்சம். தண்ணீர் ஓடத் தொடங்கியதும் அழுத்தம் குறையும், எவ்வளவு எளிதாக ஓடுகிறதோ அவ்வளவு குறையும். கொரகொரப்பாக அரைத்த தூளைப் போட்டால், 15 பார் பம்பும் சரி 20 பார் பம்பும் சரி, அழுத்தமானியின் முள் பாதி தூரம்கூட ஏறாது, தண்ணீர் பத்து விநாடிக்குள் பாய்ந்து இறங்கிவிடும். அளவுக்கு மீறி நைசாக இருந்தால் முள் உச்சத்துக்குப் போய் நிற்கும், கீழே சொட்டு விழவே நேரமாகும். நன்றாக வடிவமைத்த இயந்திரங்களில் மிகையான அழுத்தத்தைத் திருப்பி விட ஒரு வால்வு இருக்கும். 9 பாருக்கு மேல் போவதைத் தடுப்பதே அதன் பணி. ஆகவே 20 பார் என்ற எண் கோப்பைக்கு எதையும் கூட்டுவதில்லை.

வரலாறும் இதையே காட்டுகிறது. மிலானைச் சேர்ந்த லூயிஜி பெஸேரா 1901இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் நீராவியின் அழுத்தத்தால் இயங்கியது. அதில் கிடைத்தது ஏறத்தாழ ஒன்றரை பார். நீராவியைக் கொண்டு அதற்கு மேல் போக வேண்டுமானால் நீர் மேலும் சூடேற வேண்டும், காபி கருகிய சுவையடையும். 1940களின் பிற்பகுதியில் அகில்லே காஜ்ஜியா சுருள்வில் பொருத்திய நெம்புகோலால் நீரைத் தள்ளும் இயந்திரத்தைக் கொண்டுவந்தபோதுதான் அழுத்தம் 8, 9 பார் அளவுக்கு உயர்ந்தது. கோப்பையின் மேல் தங்கநிற நுரை படிந்ததும் அப்போதுதான். 1961இல் ஃபாயெமா நிறுவனத்தின் இ61 இயந்திரம் மின்பம்பைக் கொண்டு அந்த 9 பாரை ஒரே சீராகக் கொடுத்தது. அன்று நிலைபெற்ற எண் இன்றும் மாறாமல் இருக்கிறது, வீட்டுச் சந்தையில் பெட்டியின் மேல் அச்சாகும் எண்கள் மட்டும் ஏறிக்கொண்டே போகின்றன.

பம்பு தருவது உச்ச வரம்பு, உண்மையில் உண்டாகும் அழுத்தத்தைத் தருவது தூளின் எதிர்ப்பு, நமக்குத் தேவை 9 பார் என்ற அளவில் இதுவரை சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

அரவை இயந்திரம் ஏன் முதலில் வர வேண்டும்

அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது தூள் என்றால், தூளைக் கட்டுப்படுத்துவது கிரைண்டர். இங்கே மிக்ஸி உதவாது. மிக்ஸியின் பிளேடு கொட்டையை வெட்டிச் சிதறடிக்கிறது, மாவும் குருணையும் கலந்த ஒன்றைத் தருகிறது. பர் கிரைண்டரில் பல் வெட்டிய இரண்டு வட்டுகள் எதிரெதிரே இருக்கின்றன, பொதுவாக அவற்றில் ஒன்று சுழல்கிறது. அவற்றுக்கிடையே உள்ள இடைவெளிக்கு ஏற்ற அளவுக்குக் கொட்டை நொறுங்கிய பிறகே வெளியே வரும். அந்த இடைவெளியை மிக நுண்ணிய படிகளாக மாற்ற முடிவதுதான் எஸ்பிரெஸோவுக்கு உரிய கிரைண்டரின் அடையாளம். ஒரு படி நைசாக்கினால் 36 கிராம் இறங்கும் நேரம் சில விநாடிகள் நீளும். மல்லேஸ்வரம் காபித்தூள் கடையில் ஃபில்டருக்கு அரைத்துக் கொடுக்கும் தூள் அந்த ஃபில்டருக்கு மிகச் சரியானது. எஸ்பிரெஸோவுக்கு அது பொதுவாகக் கொரகொரப்பு. கடைக்காரரிடம் இன்னும் நைசாகக் கேட்டு வாங்கலாம்தான், ஆனால் வீட்டுக்கு வந்தபின் ஒரு படி முன்னே பின்னே மாற்றிப் பார்க்க வழியிருக்காது.

சிக்கரி கலந்த தூளைப் பற்றி ஒரு சொல். சிக்கரி ஒரு கிழங்கு. அதில் கஃபீன் இல்லை, டிகாஷனுக்கு நிறத்தையும் கெட்டித்தன்மையையும் அது தருகிறது. ஃபில்டர் காபியில் அதற்கு நியாயமான இடம் உண்டு, எழுபதுக்கு முப்பது கலவையின் சுவையை விரும்புகிறவர்களோடு எனக்கு எந்த வழக்கும் இல்லை. ஆனால் நீர் பட்டதும் சிக்கரி பிசுபிசுத்துத் தூளின் இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். எதிர்ப்பையே நம்பியிருக்கும் ஒரு முறையில் அதைக் கலப்பது பொருந்தாது.

தூளை வட்டமான உலோகக் கிண்ணத்தில், அதாவது பேஸ்கட்டில், சமமாகப் பரப்பி, டாம்பர் என்னும் அமுக்கியால் மட்டமாக அமுக்க வேண்டும். எத்தனை கிலோ பலத்தோடு அமுக்க வேண்டும் என்று நடக்கும் விவாதங்களில் பொருளில்லை. தூள் ஒரு முறை கெட்டிப்பட்டுவிட்டால் அதற்கு மேல் அமுக்குவதால் பெரிய மாற்றம் வராது. மட்டமாக இருப்பதுதான் முக்கியம். தண்ணீர் எப்போதும் எளிதான வழியைத் தேடும். ஒரு பக்கம் தூள் தளர்வாக இருந்தால் அந்த வழியே ஓடை போட்டுக்கொண்டு பாயும். இதற்குச் சேனலிங் என்று பெயர். அந்த ஓடையை ஒட்டிய தூள் அளவுக்கு மீறிக் கரைந்து கசக்கும், மற்ற இடத்துத் தூள் பாதிகூடக் கரையாமல் புளிக்கும். ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வருவதற்குக் காரணம் இதுதான்.

இதைக் கண்ணால் பார்க்க முடியும். பேஸ்கட்டைத் தாங்கும் கைப்பிடிக்குப் போர்ட்டாஃபில்டர் என்று பெயர், அதன் அடிப்பாகம் திறந்திருக்கும் வகையில் பேஸ்கட்டின் துளைகள் தெரியும். பம்பு ஓடத் தொடங்கிச் சில விநாடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு கறுத்த துளிகள் விளிம்பில் வளையமாகத் தோன்றி, நடுவை நோக்கிக் கூடி, ஒன்றாகச் சேர்ந்து மெல்லிய ஒரே இழையாக இறங்கும். முதலில் ஏறத்தாழக் கறுப்பு, அடுத்து செம்பழுப்பு, கடைசியில் வெளிறிய மஞ்சள் என்று அதன் நிறம் மாறிக்கொண்டே போகும். சேனலிங் இருந்தால் ஒரு மூலை மட்டும் சீக்கிரம் வெளிறிவிடும், சில சமயம் ஊசி முனை அளவு நீர்த்தாரை பக்கவாட்டில் பீய்ச்சி அடிக்கும்.

நுரையை வைத்து எடை போடலாமா

கோப்பையின் மேல் படியும் செம்பொன் நிற நுரைக்குக் க்ரெமா என்று பெயர். வறுக்கும்போது கொட்டைக்குள் உண்டாகித் தங்கிவிட்ட கார்பன் டையாக்சைடு, அழுத்தத்தில் நீரோடு கலந்து, வெளியே வந்ததும் குமிழிகளாகப் பிரிகிறது. காபியின் எண்ணெயும் பிற பொருள்களும் அந்தக் குமிழிகளைச் சூழ்ந்து சற்று நேரம் உடையாமல் காக்கின்றன. ஆகவே க்ரெமா இருந்தால் கொட்டை ஓரளவு புதிது என்று சொல்லலாம். சுவை நன்றாக இருக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ரொபஸ்டா என்னும் காபி இனத்தில் நுரை கூடுதலாகவே வரும், அது மோசமான ரொபஸ்டாவாக இருந்தாலும்.

விலை குறைந்த இயந்திரங்களோடு வரும் பேஸ்கட்டுக்கு இரட்டை அடிச்சுவர் இருக்கிறது. உட்புறம் பல துளைகள், வெளிப்புறம் ஒரே ஒரு நுண்துளை. எதிர்ப்பைத் தூளுக்குப் பதிலாக அந்தத் துளை கொடுத்துவிடுகிறது, எந்தத் தூளைப் போட்டாலும் நுரை வருகிறது. தொடங்குகிறவர்களுக்கு இது ஒரு வசதி என்பதை மறுக்கவில்லை. ஆனால் அரைப்பை எப்படி மாற்றினாலும் பெரிய வேறுபாடு தெரியாததால், இதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. ஒற்றைச் சுவர் பேஸ்கட் பொருந்தும் இயந்திரமா என்று கேட்டு வாங்குவது நல்லது.

வறுக்கும்போது கொட்டைக்குள் நடப்பது

பச்சைக்கொட்டையில் 10 முதல் 12 விழுக்காடு ஈரம் இருக்கும். சூடேறும்போது முதலில் இந்த ஈரம் வெளியேறுகிறது, பச்சை மஞ்சளாகிறது, வைக்கோல் வாடை எழுகிறது. பிறகு கொட்டையில் உள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. இது மெயிலார்ட் வினை. கொட்டையின் வெப்பம் 200 பாகையை ஒட்டும்போது உள்ளே அடைபட்ட நீராவியும் வாயுவும் கொட்டையைப் பிளந்து வெளியேறும். சடசடவென்று உரத்த ஒலி கேட்கும், கொட்டை பருக்கும். இதுவே முதல் வெடிப்பு. இது அடங்கியதும் நிறுத்தினால் இளவறுவலுக்கும் நடுத்தர வறுவலுக்கும் இடைப்பட்ட நிலை. மேலும் தொடர்ந்தால் 225 பாகையை ஒட்டி இரண்டாம் வெடிப்பு வரும், அதன் ஒலி மெல்லியது, நெருக்கமானது. அதைத் தாண்டினால் எண்ணெய் கொட்டையின் மேல் கசியத் தொடங்கும், கொட்டை விளைந்த ஊரின் சுவை மறைந்து வறுவலின் சுவை மட்டும் நிற்கும்.

கறுக்க வறுத்தால் கஃபீன் கூடும் என்பது பரவலான தவறான எண்ணம். வறுவலால் கஃபீனின் அளவு பெரிதாக மாறுவதில்லை. கூடுதல் கஃபீன் வேண்டுமென்றால் அது கொட்டையின் இனத்தில் இருக்கிறது: ரொபஸ்டாவில் அராபிகாவைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு.

வீட்டில் தொடங்கக் கனமான இரும்புக் கடாயும் மரக்கரண்டியும் போதும். சுமார் 200 கிராம் கொட்டை, மிதமான தீ, கை ஓயாமல் கிளறல், 12 முதல் 15 நிமிடம். கை நின்றால் ஒரு பக்கம் கரியும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் இரண்டு செய்திகளை முன்பே யோசிக்க வேண்டும். முதல் வெடிப்புக்குப் பிறகு புகை வரும், கொட்டையின் மேல் ஒட்டியிருக்கும் வெள்ளித்தோல் உரிந்து பறக்கும். பால்கனியில் வறுத்தால் அந்தத் தோல் கீழ்வீட்டுக் கொடியில் காயும் துணியில் போய் உட்காரும். அடுப்பிலிருந்து இறக்கியதும் இரும்புச் சல்லடையில் கொட்டி, மின்விசிறியின் முன் சில நிமிடங்களுக்குள் ஆற்ற வேண்டும், இல்லையென்றால் உள்வெப்பத்திலேயே கொட்டை தொடர்ந்து வறுபடும். ஆறியபின் எடை போட்டால் நடுத்தர வறுவலில் 15 விழுக்காட்டை ஒட்டிக் குறைந்திருக்கும். 200 கிராம் 170 ஆகும். நிறத்தை நம்புவதைவிட இந்த எடையைக் குறித்து வைப்பது மேலானது, ஏனெனில் சமையலறை விளக்கு நிறத்தை மாற்றிக் காட்டும்.

இந்தியக் காபியில் பெரும்பங்கு கர்நாடகத்தில் விளைவதால் பெங்களூர்க்காரர்களுக்குப் பச்சைக்கொட்டை கிடைப்பது எளிது. பெயர்களை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும்: பிளான்டேஷன் என்றால் பழத்தின் தோலை நீக்கிக் கழுவி உலர்த்திய அராபிகா, பார்ச்மென்ட் என்றால் அதே போலக் கழுவிய ரொபஸ்டா, செர்ரி என்றால் பழத்தோடு உலர்த்தியது. ஒரு பழத்தில் இரண்டு பருப்புகளுக்குப் பதில் உருண்டையாக ஒன்றே விளைந்தால் அது பீபெரி. சிக்மகளூர், குடகு மட்டுமல்ல, ஏற்காட்டுக் கொட்டையும் பழனிமலைக் கொட்டையும் எஸ்பிரெஸோவில் மிக நன்றாக அமையும்.

வறுவல் மாறினால் எதிர்ப்பும் மாறும்

இளவறுவல் கொட்டை கடினமானது, அதில் உள்ளவை எளிதில் கரையாது. அதை இன்னும் நைசாக அரைத்து, நீரின் வெப்பத்தை ஓரிரு பாகை கூட்ட வேண்டும். கறுத்த கொட்டை நுண்துளைகள் நிறைந்தது, விரைவில் கரையும். அதற்கு அரைப்பைச் சற்றுத் தளர்த்தி, வெப்பத்தை 90 பாகையை ஒட்டிக் குறைத்தால் கசப்பு அடங்கும்.

வறுத்த நாளும் முக்கியம். வறுத்த மறுநாள் கொட்டைக்குள் வாயு மிகுந்திருக்கும். நீர் பட்டதும் அது சீற்றத்தோடு வெளியேறி நீரின் வழியைக் குலைக்கும், கோப்பையில் பாதி நுரையாகவே நிற்கும். ஃபில்டருக்கு இரண்டு மூன்று நாள் ஆறவிட்டால் போதும், எஸ்பிரெஸோவுக்கு ஒரு வாரம் பொறுத்திருப்பது நல்லது. அதன்பின் நாளாக ஆக வாயு குறைந்துகொண்டே வரும், அதே அரைப்பில் நீர் இன்னும் வேகமாக இறங்கும். முதல் வாரம் சரியாக இருந்த அமைப்பு மூன்றாம் வாரம் சரியாக இல்லாமல் போவது இதனால்தான். கிரைண்டர் பழுதாகிவிட்டதோ என்று கவலைப்பட வேண்டியதில்லை, ஒரு படி நைசாக்கினால் போதும்.

தண்ணீரும் வாங்கும் வரிசையும்

பெங்களூரின் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் மிகக் கடினமானது. கொதிகலனுக்குள் அது சுண்ணாம்புப் படலமாகப் படிந்து வால்வுகளை அடைக்கும். முழுக்க ஆர்ஓ தண்ணீரில் தாதுக்கள் ஏறக்குறைய இல்லாததால் காபி உப்புச் சப்பில்லாமல் இறங்கும். ஆர்ஓ தண்ணீரோடு சிறிது காவிரிக் குழாய்த் தண்ணீரைக் கலந்து, வடிகட்டிப் பயன்படுத்துவது நடைமுறைக்கு ஏற்ற வழி. நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே நீர் 97 பாகையிலேயே கொதிக்கிறது. எஸ்பிரெஸோவுக்கு வேண்டிய 93 பாகைக்கு இது எந்தத் தடையும் இல்லை.

கையில் உள்ள பணத்தில் பெரும்பகுதியைக் கிரைண்டருக்கு ஒதுக்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து. எஸ்பிரெஸோ அளவுக்கு அரைக்கும் தரமான கைக்கிரைண்டரும் எளிய இயந்திரமும் சேர்ந்து தரும் கோப்பையை, விலையுயர்ந்த இயந்திரமும் மிக்ஸியும் ஒருநாளும் தராது. அடுத்து 0.1 கிராம் வரை காட்டும் தராசு. இயந்திரம் மூன்றாவது.

எல்லாம் வந்து சேர்ந்ததும் 18 கிராம் போட்டு, 36 கிராம் இறங்கும்வரை விநாடிகளை எண்ணுங்கள். 15 விநாடியில் முடிந்துவிட்டால் ஒரு படி நைசாக்குங்கள், 45 ஆனால் ஒரு படி தளர்த்துங்கள். எடையையும் வெப்பத்தையும் அந்த நேரத்தில் தொடாதீர்கள், ஒரே சமயத்தில் இரண்டை மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. அரைப்பை மாற்றிய பிறகு பழைய தூள் சில கிராம் கிரைண்டருக்குள் தங்கியிருக்கும். கொஞ்சம் கொட்டையை அரைத்து ஒதுக்கிவிட்டு, அதற்கடுத்து வரும் தூளில் இறக்கிய கோப்பையை வைத்தே முடிவெடுங்கள்.